சகலை வீட்டுத் தக்காளி

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர்தான். கடை போக மிச்ச நேரமெல்லாம் கொல்லைப்புறத்து நான்கு பாத்திகளோடு கழியும். ஆறு வருடமாகத் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று போட்டு எடுத்தவர். "பெரிய மாப்பிள்ளைக்கு ராசியான கை" என்று மாமனார் சொல்லும்போது அவருக்கு ஒரு சுற்று பெருத்துவிட்டது போலிருக்கும்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது, சகலை பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான். மனைவியின் தங்கை கணவன், லிஃப்ட் மெக்கானிக். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத ஆள். "ஏதாவது மிச்சம் இருந்தா குடுங்கண்ணே" என்று கேட்டான். தூக்கி எறிய வைத்திருந்த நோஞ்சான் தக்காளி நாற்று இருபதை அள்ளிக் கொடுத்தார். அவன் அவற்றைப் பழைய பெயின்ட் வாளிகளில் நட்டான்.

மூன்றாம் மாதம் அந்த வாளிகளில் இலை தெரியவில்லை, பழம்தான் தெரிந்தது. இவர் பாத்தியிலோ வெள்ளைப்பூச்சி அடித்து, செடிகள் குளிர்காய்ச்சல் வந்தவை போலச் சுருண்டு கிடந்தன.

மாமனார் வந்தார். நேரே மார்பளவு மதில்சுவர் ஓரம் போய் நின்றார். "சின்னவர் தோட்டத்தப் பாத்தீங்களா மாப்பிள்ளை? என்னமா காய்ச்சிருக்கு!"

"பாத்தேன் மாமா" என்றார் கண்ணாடிக்காரர். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததை மாமனார் கவனிக்கவில்லை.

அதோடு விட்டதா? தின்று தீராத பழங்கள் கூடை கூடையாக இவர் வீட்டு அடுப்படிக்கே வந்தன. பெரிய பாத்திரங்கள் அக்காவிடம்தான் இருந்தன. அக்காளும் தங்கையும் பழங்களைக் கொதிநீரில் போட்டுத் தோலுரித்தார்கள். கூழாகக் காய்ச்சி, வெந்நீரில் கொதிக்கவைத்த பாட்டில்களில் பாட்டிலுக்கு ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு நிரப்பினார்கள். அலமாரியில் இவருடைய சவரப் பெட்டி இருந்த இடத்தையும் பாட்டில்கள் பிடித்துக்கொண்டன.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சொல்லுவாங்க. இங்க சகலை வீட்டுத் தக்காளி" என்று முணுமுணுத்தார்.

"பேசாம இந்த மூடிய இறுக்கிக் குடுங்க. உங்க கைக்குத்தான் பலம்" என்றாள் மனைவி. இறுக்கிக் கொடுத்தார். பல்லையும் சேர்த்துக் கடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுவரோரம் நின்றவர் கண்ணில் அது பட்டது. இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த சகலையின் தக்காளிக் கிளையில், ஓர் இலைக்கடியில், பழுப்புப் பஞ்சை ஒட்டி வைத்தது போல ஒரு திட்டு. சட்டைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். புழு முட்டை. இருநூறுக்குக் குறையாது. அந்த ஓர் இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் கதை முடிந்தது.

கிள்ளக் கை நீண்டது. அந்த நேரம் பார்த்து சகலை அந்தப் பக்கமிருந்து தன் மனைவியிடம் சிரித்தபடி சொன்னான்: "அண்ணன் தோட்டத்தையே தாண்டிட்டோம்ல?"

கை திரும்பி வந்தது. அவன் செடி, அவன் கண்ணு, அவன் பாத்துக்கட்டும் என்று உள்ளே போய்விட்டார்.

மறு வாரம் வியாழக்கிழமை இலைகள் சல்லடையாகியிருந்தன. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது அவருக்குள் ஏதோ குளிர்ந்தது உண்மை. சனிக்கிழமை விடிந்ததும் சகலை கிழிந்த இலையும் துளைவிழுந்த பழமுமாக வாசலில் நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணே, நீங்க பாத்தா சொல்லிடுவீங்க. என்னமோ ஆகிப்போச்சு. வாங்கண்ணே."

அப்போதுதான் சுருக்கென்றது. சட்டையை மாட்டிக்கொண்டு போனார். இருவரும் வாளி வாளியாகக் குனிந்து, மேல்மண்ணைக் கிளறி, ஒளிந்திருந்த புழுக்களைக் கையாலேயே பொறுக்கினார்கள். மூன்று மணி நேரமாயிற்று. சோப்புத் தண்ணீர்ப் பாத்திரம் கறுத்துப்போனது.

"இதெல்லாம் எங்கேருந்துண்ணே வருது? முட்டையா இருந்தப்பவே பாத்திருந்தா தடுத்திருக்கலாமோ?"

பொய் சொல்ல எவ்வளவோ வழி இருந்தது. ஆனால் அவன் 'அண்ணே' என்று கூப்பிட்டிருந்தான்.

"பாத்தேன்" என்றார்.

"என்ன பாத்தீங்க?"

"முட்டைய. ரெண்டு வாரத்துக்கு முந்தி, ஞாயித்துக்கிழமையே பாத்தேன். சொல்லல."

சகலை நிமிர்ந்து பார்த்தான். கோபப்பட்டால்கூடத் தேவலை என்றிருந்தது இவருக்கு. அவன் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தான்.

"ஏன்?"

"உனக்கு நல்லா வந்துச்சு. எனக்கு வரல. அவ்வளவுதான்."

"சரி. நீங்க கெளம்புங்க" என்றான்.

செய்தி அடுப்படிக்குப் போக அரைமணி நேரம் ஆகவில்லை. மனைவி ஒன்றும் திட்டவில்லை. தங்கை வீட்டில் புழுவுக்குத் தப்பிய பச்சைக் காய்களை எல்லாம் பறித்து, ஒரு பெரிய தாம்பாளம் நிறையக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கூடவே ஒரு கத்தி.

"எல்லாத்தையும் வட்டம் வட்டமா நறுக்குங்க. உப்பும் வினிகரும் போட்டு ஊற வைக்கணும். ஒண்ணுகூட வீணாகக் கூடாது."

அன்று மாலை கடை திறக்கவில்லை. விரலிடுக்கெல்லாம் காந்தக் காந்த நறுக்கினார். நிறைந்த ஜாடிகளை அவரே சுமந்துபோய் சகலை வீட்டில் வைத்தார். சகலை கதவைத் திறந்தான், வாங்கினான், மூடினான்.

இரண்டு மாதம் பேச்சில்லை. பிறகு அவன் அதே வாளிகளில் பீன்ஸ் போட்டான். ஒருநாள் சுவருக்கு மேல் ஒரு கை இலையோடு நீண்டது.

"இதப் பாருங்க. என்னமோ ஒட்டியிருக்கு." பேச்சில் 'அண்ணே' இல்லை.

"அசுவினிப் பூச்சி. இப்பவே தண்ணியப் பீச்சியடி, போயிடும். நுனியெல்லாம் திருப்பிப் பாரு" என்றார் உடனே. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவரும் சுவரோரம் நின்று, அவன் எல்லா நுனியையும் பார்த்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

பீன்ஸ் கொடி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. தன் பாத்தியில் போட்டிருந்த பீன்ஸில் இன்னும் மொட்டுகூட வரவில்லை என்பது அவருக்கு நன்றாக உறைத்தது.