பதினொரு சிவப்புப் புள்ளிகள்

அந்தத் தோல் மருத்துவமனையில் லேசர் அறையைப் பார்த்துக்கொண்டவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் சூட்டுக்கோல். கையில் இருந்த கருவியும் சுடும், வாயும் சுடும். கணுக்காலில் நீல நரம்பு படர்ந்து வருகிற பெண்களிடம், "நாள் பூரா நின்னா கால் என்னம்மா செய்யும்? ரத்தம் மேல ஏற வேணாமா?" என்பாள். அவர்களுக்கு டாக்டரே ஊசி போட்டு, இறுக்கமான காலுறை மாட்டி அனுப்புவார். முகத்திலும் மார்பிலும் சிலந்திபோலக் கால் விரிக்கிற சிவப்புப் புள்ளிகள்தான் அவள் பங்கு. நடுவில் இருக்கும் தாய்க்குழாயைக் குறிபார்த்துச் சுட்டால் கிளைகள் தாமாக மங்கிவிடும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தழும்பு விட்டதில்லை. அந்தக் கர்வம் தலைக்கேறிப்போயிருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. லேசருக்கு முன் டாக்டர் ஒவ்வொரு புள்ளியையும் கண்ணாடித் துண்டால் அழுத்துவார். வெளுக்கும், எடுத்ததும் நடுவிலிருந்து மறுபடி சிவக்கும். பிறகு எண்ணுவார். மார்பில் நிறைய இருந்தால் சீட்டு எழுதி வேறு எங்கோ அனுப்பிவிடுவார். எத்தனை தடவை சுடுவது என்ற கணக்குக்குத்தான் எண்ணுகிறார், ரொம்ப இருந்தால் சலித்துக்கொண்டு தள்ளிவிடுகிறார் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். கேட்டிருக்கலாம். கேட்டால் தனக்குத் தெரியாதது வெளியே தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை.

அப்பா அம்மா போனபின் அவள் தூக்கி வளர்த்த தம்பி ஒருவன் இருந்தான். லாரி டிரைவர். எரிபொருள் ஏற்றும் பெரிய கம்பெனியில் வேலை கிடைக்கிற நேரம், உடல் பரிசோதனை மட்டும் பாக்கி. அவன் மார்பிலும் தோளிலும் பதினொரு புள்ளிகள்.

"ஷெட்டுல எல்லாரும் இது குடிகாரன் புள்ளிங்கறாங்கக்கா. நான் மோந்துகூடப் பாத்ததில்ல."

அது உண்மை. ஆனால் பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்கிற உலகம் இது.

"டாக்டரப் பாக்கட்டுமா?"

"நான் எதுக்குடா இருக்கேன்? சட்டையக் கழட்டு."

ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்த மருத்துவமனையைத் தன் சாவியால் திறந்தாள். அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டாள். கண்ணாடித் துண்டை எடுக்கவே இல்லை.

"ரப்பர் பேண்டால சுண்டற மாதிரி இருக்கும். பொறுத்துக்க."

மூன்று வாரம் கழித்துப் பரிசோதித்த கம்பெனி டாக்டர் வழவழவென்ற மார்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு மாதத்தில் புதிதாக ஆறு வந்தன. அவற்றையும் சுட்டாள்.

அடுத்த வருடம் லாரியை ஓரங்கட்டிவிட்டு அவன் ரத்தமாக வாந்தி எடுத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தபோது கண் மஞ்சள், வயிறு நிறைய நீர். எப்போதோ ஒட்டிக்கொண்ட ஒரு கிருமி, சத்தமில்லாமல் ஈரலைத் தின்று தீர்த்திருந்தது.

அங்கிருந்த டாக்டர் கட்டிலருகே நின்று அவளைக் கேட்டார்.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே நிறுத்தியிருக்கலாம்மா. மார்புல சிலந்தி மாதிரி சிவப்பா ஏதாவது வந்திருக்கணுமே. அஞ்சாறுக்கு மேல இருந்தா ஈரலப் பாக்கச் சொல்லி எந்தத் தோல் டாக்டரும் அனுப்பிடுவாரே. எதுவுமே வரலியா?"

தோல் டாக்டர் சீட்டு எழுதி எங்கே அனுப்பினார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அவளுக்கு ஒருவன் போதுமாக இருந்தான்.

தம்பிதான் பதில் சொன்னான். சட்டைப் பொத்தானைக் கழற்றினான், முகத்தில் பெருமை.

"வந்துச்சு சார். எங்கக்காதான் எல்லாத்தையும் எடுத்துவிட்டுச்சு. பாருங்க, ஒரு தழும்புகூட இல்ல."

டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு தழும்புகூட இல்லை.