கண்ணீருக்குக் கீழே நான் எழுதிய வரி

அழுதவனின் வாயில் பொய்யை வைத்தவன் நான்தான்!

துபாய் அல் கூஸில், அரசாங்கத்துக்குப் படம் எடுத்துத் தரும் நிறுவனமொன்றில் எனக்கு வேலை. இங்கே தொழிலாளர்கள் எத்தனை மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள் என்று உலகத்துக்குக் காட்டும் படங்கள். தமிழர்கள் பேசினால், திரையின் கீழே ஆங்கிலத்திலும் தமிழிலும் வரி எழுதுவது என் பொறுப்பு.

அன்று தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் கேமராவின் முன் உட்கார்ந்தவன் ஒரு வெல்டர். குமரிக் கடலோரத்துக்காரன். அந்தோணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டைப் பற்றி ஏதாவது சொல் என்றேன்.

"எங்க அத்தான் சைட்ல வெயில்ல விழுந்து செத்தாரு அண்ணே. தலைசுத்துதுன்னு ரெண்டு மட்டம் சொன்னாரு, போர்மேன் விடல. ஊருக்கு ஹார்ட் அட்டாக்குன்னு எழுதி அனுப்பிட்டாவ. எங்க அக்காவுக்கு நெசம் தெரியணும்."

சொல்லிவிட்டு உடைந்து அழுதான்.

மேலாளர் சென்னைக்காரர். பதிவைப் பார்த்தார். "கண்ணீர் சூப்பர், வச்சுக்கோ. பேச்சு கலாஸ், தூக்கிடு."

அவ்வளவுதான்! அவர் மிரட்டவில்லை. எந்த அதிகாரியும் வரவில்லை. வரவேண்டிய தேவையே இல்லையே... என் விசாவையும் மகளின் பள்ளிக்கூடத்தையும் நானே நினைத்துக்கொண்டேன்.

அவன் குரலை அமுக்கி இசையைப் போட்டோம். கண்ணீருக்குக் கீழே நான் எழுதினேன்: 'என் குடும்பத்தையே வாழவைத்த நாடு இது. நன்றி சொல்ல வார்த்தை இல்லை.'

இதில் ஒரு சொல்லைக்கூட யாரும் எனக்கு எடுத்துக்கொடுக்கவில்லை. 'குடும்பம்' என்று எழுதியபோது கை கூசியதா? இல்லை... நல்ல வரி என்றுகூட நினைத்தேன். சீ!

படம் வாட்ஸ்அப்பில் சுற்றி அவன் ஊருக்கே போய்விட்டது. அக்காவும் பார்த்தாள். புருஷனைப் பறிகொடுத்த இடத்துக்குத் தம்பி அழுது அழுது நன்றி சொல்கிறான்!

இரண்டு நாள் கழித்து அந்தோணி கூப்பிட்டான்.

"அக்கா எனக்க போன எடுக்க மாட்டேங்கா அண்ணே. நான் சொன்னத கேட்டது நீங்கதானே... அவளுக்க நம்பர அனுப்புதேன். ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க."

"டூட்டில இருக்கேன்பா" என்று வைத்துவிட்டேன். எண் வந்து சேர்ந்தது. அதன்பின் அவனை பிளாக் செய்துவிட்டேன்.

எதற்குப் பயந்தேன்? ஊரிலிருக்கும் ஒரு பெண்ணிடம் ஒரு நிமிடம் பேசுவதற்கா? யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்றா? பயம் என்று சொல்லிக்கொள்வது வசதியாக இருக்கிறது... அவள் என்னை என்ன கேட்பாள் என்பதுதான் என்னைத் தடுக்கிறது.

என்னைக் காறித் துப்புங்கள், வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிந்தது...

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.