மேளத்தை நிறுத்திய தாய்மாமன்

போன ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டியில், என் தங்கை மகளின் காதுகுத்து விழாவில், சீர் ஊர்வலத்தின் நடுவே நான் மேளத்தை நிறுத்தினேன்.

மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு இந்த ஒரு வரி போதும். 'அப்புறம் என்னாச்சு, மண்டை எத்தனை உடைஞ்சது?' என்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் அன்றைய ராஜா. பிள்ளை அவர் மடியில்தான் உட்கார வேண்டும். சொந்தக்காரப் பெண்கள் சீர்த்தட்டு ஏந்தி வர, அவர் மாலையும் கழுத்துமாக மேளத்தோடு நடந்து வருவார். நடுவழியில் அவர் கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் — மரியாதையில் குறை வைத்துவிட்டார்கள். சமாதானம் சொல்லும்வரை மாமன் ஓர் அடி நகரமாட்டார்.

நான் நிறுத்தியது அதற்காக இல்லை. எனக்கு ஹோம்வொர்க் இருந்தது.

சென்ற வாரம் இதே பக்கத்தில் புலம்பியிருந்தேனே, ஆன்லைனில் இசையின் அரிச்சுவடி படிக்கச் சேர்ந்திருக்கிறேன், ஞாயிறு எட்டு மணிக்குள் தாளம் எண்ணி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று? நாற்பத்தாறு வயதில் எதற்கு? பாடுகிற உத்தேசம் எதுவும் இல்லை. பசுமலையில் என் அக்கம்பக்கத்து வீட்டார் நிம்மதியாகத் தூங்கலாம். பாட்டுக் கேட்டால் எல்லோரும் சரியான இடத்தில் தலையாட்டுகிறார்கள், நான் மட்டும் ஒரு நொடி தள்ளி ஆட்டுகிறேன். ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் தாளம். ஸ்கிரீனில் எப்போதும் சிரிக்கும் டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களைச் சுத்தி நடக்கிற ஏதாவது ஒரு இசையைக் கேளுங்க. அதுல 'ஒண்ணு' எங்க விழுது, எத்தனை எண்ணினா மறுபடி 'ஒண்ணு' வருதுன்னு கண்டுபிடிச்சு, ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குள்ள அனுப்பணும்."

எண்ண ஆரம்பித்தேன். காளவாசல் சிக்னலில் பஸ் ஹாரனை எண்ணினேன். மிக்ஸியை எண்ணினேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மொதல்ல குக்கர் விசிலை ஒழுங்கா எண்ணுங்க. மூணு வரவும் அமத்தச் சொன்னா ஏழு வரைக்கும் விட்டு பருப்பைக் கஞ்சியாக்கிட்டீங்க" என்றாள். கலைஞனுக்கு வீட்டில் மரியாதை கிடைப்பதில்லை.

சனிக்கிழமை வரை விடை வரவில்லை. ஞாயிறு காலை காதுகுத்து. மேளம் வரும். வேறென்ன வேண்டும்?

இங்கே இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். தங்கை கணவரும் நானும் பேசி மூன்று வருடமாகியிருந்தது. புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அவர் எனக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நேரில் வரவில்லை, போன்கூட இல்லை. மேலே 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று வேறு இருந்தது. நான் கோபப்படவில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

சரி, உண்மையைச் சொல்கிறேன். வலித்தது. கல்யாணத்துக்கு முன்பே பைக்கில் பின்னால் உட்கார்ந்து என்னோடு ஊர் சுற்றிய மனிதர் அவர். அதன்பிறகு "மாப்ளட்ட சொல்லு", "மச்சான்ட்ட சொல்லிரு" என்று எல்லாமே தங்கை வழியாகத்தான். இந்தக் காதுகுத்துக்கு அழைக்கத் தட்டோடு வந்தபோதும் அவள் மட்டும்தான் உள்ளே வந்தாள். அவர் தெருமுனையில், காருக்குள் இருந்தார். கிளம்பும்போது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீ ஒண்ணும் பேச வேணாம். வந்து பிள்ளைய மடில வச்சுக்கிட்டாப் போதும். அன்னைக்கு மட்டும் எதுவும் ஆயிரக் கூடாதுண்ணே."

"எதுவும் ஆகாது" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஊர்வலம் கிளம்பியது. துண்டுக்கு அடியில் விரல் மடக்கி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... அட, நாலுதான் போலிருக்கிறதே! உறுதி செய்துகொள்ள மறுபடி எண்ணினால் ஐந்து. இன்னொரு முறை, மூன்று. 'ஒன்று' கைக்கே அகப்படவில்லை. மண்டபம் இன்னும் முப்பதடி தூரம்தான். அங்கே போனால் மேளம் முடிந்துவிடும். ஹோம்வொர்க்?

கையைத் தூக்கினேன். "அண்ணே, ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க!"

சட்டென்று நின்றது. தவில்காரரிடம் குனிந்து, "இதுல ஒண்ணு எங்கண்ணே வருது?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தவிலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். எத்தனை தாய்மாமன்களைப் பார்த்தவர் அவர்! எப்படியும் அரைமணி நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குள் எங்கள் பங்காளி ஒருவர் குரலை உயர்த்தினார். "நியாயந்தானப்பா! வாசல்ல வந்து எதிர்கொண்டு கூப்பிட மாப்ளைய எங்க? மாமன்னா இம்புட்டு எளக்காரமா?" பார்த்தால், நிஜமாகவே வாசலில் அவரைக் காணோம். எனக்கே தெரியாத என் காரணம், என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"அய்யோ, எனக்குக் கோவமே இல்லப்பா" என்றேன்.

கூட்டம் இன்னும் பயந்துவிட்டது. மேளத்தை நிறுத்திய எந்த மாமன்தான் கோபம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான்?

தங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "வாக்குக் கொடுத்தியேண்ணே..." என்றாள். ஹோம்வொர்க், தாளம், டீச்சர் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அப்படி வெட்கப்பட்டு நான் எங்கேயும் நின்றதில்லை.

அவள் பின்னாலேயே அவர் வந்தார். சட்டையெல்லாம் சாம்பார். பந்தி வேலையில் இருந்திருப்பார் போல. என்னைப் பார்த்தார், தவிலைப் பார்த்தார், துண்டுக்கு வெளியே மடங்கியபடி இருந்த என் விரல்களைப் பார்த்தார். பிறகு, மூன்று வருடம் கழித்து, பேசினார்.

"மச்சான். அந்தப் பால்காய்ப்புக்கு நான் நேர்ல வந்து கூப்பிட்டிருக்கணும். எந் தப்புதான்."

'தாளத்துல ஒரு சந்தேகம் மாப்ள, அதான் நிப்பாட்டுனேன்' — நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் சொன்ன அந்த வாக்கியத்துக்காக நான் மூன்று வருடம் காத்திருந்தேன். அது வந்த பிறகு, இதற்காக நிறுத்தவில்லை என்று திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

"நானும் வந்திருக்கணும் மாப்ள. புது வீட்டை இன்னும் பாக்கலையே நானு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிங்கண்ணே!" என்று தவில்காரரைப் பார்த்துக் கத்தினார். சேர்ந்தே மண்டபத்துக்குள் போனோம். மருமகள் என் மடியில் உட்கார்ந்து, காது குத்தியவரை விட்டுவிட்டு என் கட்டைவிரலைக் கடித்தாள். அன்று நடந்த ஒரே வன்முறை அதுதான்.

சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தில் தவில்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "ஒண்ணு எங்க வருதுன்னு கேட்டீங்கள்ல? நாங்க மாமன் நடைக்குத் தக்கனதான்ணே வாசிப்போம். நீங்க வெரலை மடக்கிக்கிட்டு நின்னு நின்னு நடந்தீக. ஒங்க காலு பெசகுச்சு, நாங்களும் கூடவே பெசகிட்டோம்."

ஆக, நான் யாரை எண்ணினேனோ அவர் என்னை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

சாயங்காலம் பசுமலை திரும்பினேன். பெருமூச்சு விட்டு, டீச்சருக்கு 'விடை கிடைக்கவில்லை' என்று டைப் செய்துகொண்டிருந்தேன். மணி ஏழு இருக்கும். போன் சிணுங்கியது. ஊர்வல வீடியோ. கீழே நாலு வரி.

'மச்சான், பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் எண்ண ஆரம்பிக்கும்வரை நாலு. அப்புறம் எதுவுமே இல்லை. எட்டு மணிக்குள் அனுப்பிவிடுங்கள். உங்கள் பத்தியை வாராவாரம் படிக்கிறவன்தான் நான்.'

திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படியென்றால், நான் எதற்காக மேளத்தை நிறுத்தினேன் என்று அங்கே நிற்கும்போதே இந்த மனிதருக்குத் தெரியும். தெரிந்துதான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

ஒன்று கவனித்தீர்களா? இதையும் அவர் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருந்தார். நேரில் வரவில்லை, போன்கூட இல்லை.

நான் கோபப்படவில்லை. இந்த முறை நிஜமாகவே.