தேன்மொழி டாக்டர் ஆகவில்லை

1. கைதட்டல்

"இந்த முடிவுக்கு எவன் மேடம் கைதட்டுவான்?" என்று பிரின்சிபால் ஸ்கிரிப்ட்டை மேசைமேல் போட்டார். ஆண்டு விழா நெருங்கிவிட்டிருந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆண்டு விழா நாடகம் எப்போதும் என் பொறுப்பு. கடைசியாக நான் எழுதிய நாடகத்துக்கு நேர்ந்ததை, புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை எளிது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் தேன்மொழியின் அண்ணன் பைக் விபத்தில் இறந்துபோகிறான். அவள் அழுவதில்லை. குளிக்காமல், பள்ளிக்கும் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஆறுதல் சொல்ல வருபவர்கள்மேல் எரிந்து விழுகிறாள். கடைசிக் காட்சியில் தோழி ஒருத்தி வந்து பேசாமல் பக்கத்தில் உட்காருகிறாள். வெகுநேரம் கழித்துத் தேன்மொழி, "எனக்கு முடியலடி. டாக்டர்கிட்ட கூட்டிகினு போறியா?" என்கிறாள். தோழி கொடுத்த தோசையில் பாதியைச் சாப்பிடுகிறாள். திரை விழுகிறது.

"பாதி தோசையெல்லாம் ஒரு முடிவா? அண்ணன் போட்டோ முன்னாடி சபதம் எடுக்கட்டும். டாக்டராகி வெள்ளைக் கோட்டோட வந்து நிக்கட்டும். ஹால் அதிரும்."

"துக்கத்துல இருக்கிற பொண்ணு சார் அது."

"டிப்ரஷன், டாக்டர்னு மேடையில பேசினா பேரன்ட்ஸ் என்ன நினைப்பாங்க? நம்ம ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அதெல்லாம் கிடையாது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தேன்மொழியாக நடிக்கவிருந்தவள் பவித்ரா.

2. திமிர் என்று பெயர்

பவித்ரா மந்தாரக்குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் டிரைவராக இருந்தவர், அந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அம்மா அஞ்சலை வாடகை வீட்டின் முன்னறையில் ஜாக்கெட் தைத்து, பவித்ராவோடு அவளுக்கு இளைய பிள்ளைகளையும் வைத்துக் குடும்பத்தை ஓட்டினார்.

அதன்பிறகு வகுப்பில் அவள் யாரோடும் ஒட்டவில்லை. பரீட்சைத் தாளை வெறுமையாகக் கொடுத்தாள். சமாதானம் சொல்லப்போன பெண்ணின் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டாள். "திமிரு, வேறென்ன?" என்றார் கணக்கு ஆசிரியர். ஸ்டாஃப் ரூமே தலையாட்டியது. படித்தவர்கள் கூடியிருந்த அறை அது.

நாடகத்துக்கு ஆள் எடுத்தபோது அவளாகவே வந்து நின்றாள். "தேன்மொழியா நான் பண்றேன் மிஸ். அவளுக்கு என்னான்னு எனக்குத் தெரியும்."

ஒத்திகையில் தோழியாக நடித்த பெண், "அழாதடி, தைரியமா இரு" என்று தானாக ஒரு வரி சேர்த்தாள். பவித்ரா நடிப்பை நிறுத்திவிட்டாள்.

"அதச் சொல்லாத. சொன்னா அவ வாயே தொறக்க மாட்டா. சும்மா உக்காரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "தேன்மொழிக்கு அண்ணன்மேலயே கோவம் மிஸ். சொல்லாம கொள்ளாம போய்ட்டான்ல."

நான் எழுதாத வரி அது. அன்றே நாடகத்தில் சேர்த்தேன்.

பிரின்சிபால் எழுதிக் கொடுத்த சபதத்தை அவள் ஒரு முறை படித்தாள். "இத நான் சொல்ல மாட்டேன் மிஸ்."

அடங்காத பிள்ளை என்று புகார் சொல்ல, பிரின்சிபால் அவள் அம்மாவை வரவழைத்தார்.

3. ஒத்திகை அறை

அஞ்சலை தையலைப் பாதியில் விட்டு வந்திருந்தார். கழுத்தில் அளவெடுக்கும் டேப் அப்படியே தொங்கியது. புகாரைக் கேட்டு முடித்ததும், "அது இன்னா நாடகம்னு நான் பாக்கலாங்களா?" என்று கேட்டார்.

கடைசிக் காட்சியை நடத்தச் சொன்னேன். "எனக்கு முடியலடி" என்று பவித்ரா சொன்னதும் அஞ்சலை எழுந்து அவளிடம் போனார்.

"இது தேன்மொழிக்கா, உனக்கா?"

பவித்ரா தரையைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும்தாம்மா."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீதான் மூத்தவ, நீதான் தைரியமா இருக்கணும்னு தெனமும் சொல்லிகினு இருந்தியே. நீ மட்டும் அழுத. மிஷின் சத்தத்துல அழுதா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா?"

அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பவித்ரா அவர் மடியில் விழுந்து அழுதாள். அப்பா இறந்தபின் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வாசலில் நின்ற பிரின்சிபால் வாட்சைப் பார்த்தார். "முடிவ மாத்துறீங்களா, இல்லையா மேடம்? டைம் ஆகுது."

"நாடகமே போடல சார்" என்றேன்.

எனக்கு மெமோ வந்தது. விழாவில் நாடகத்துக்குப் பதிலாக ஒரு குரூப் டான்ஸ் வைத்தார்கள். தன்னம்பிக்கையைப் பற்றிப் பிரின்சிபால் நீளமாகப் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. எனக்குக் கை எழவில்லை.

அடுத்த வாரம் அஞ்சலை மகளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். முதல் நாள் துணைக்கு நானும் போனேன். மாத்திரையும் பேச்சுமாகச் சிகிச்சை மெதுவாகத்தான் நடந்தது. மார்க் குறைந்தது. இப்போது விருத்தாசலத்தில் கல்லூரிக்குப் போகிறாள். சிரிக்கிற நாளும் உண்டு, படுக்கையை விட்டு எழ முடியாத நாளும் உண்டு. எழ முடியாத நாளில் அம்மாவிடம் அதை வாய்விட்டுச் சொல்கிறாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். துக்கத்தில் இருக்கிற பிள்ளை உங்கள் கண்ணுக்கு முரட்டுப் பிள்ளையாகத்தான் தெரியும். அறிவுரையை நிறுத்துங்கள். பெற்றவர்களைக் கூப்பிட்டால், கண்டிப்பதற்காகக் கூப்பிடாதீர்கள். டாக்டரிடம் போகலாம் என்று கூசாமல் சொல்லுங்கள். அதனால் பள்ளியின் பெயர் கெடும் என்று யாராவது சொன்னால், கெடட்டும்.