கைக்குச் சிக்காத முடி

ஆவடியில் எங்கள் அத்தை வீட்டு முன்னறைதான் அவளுடைய பியூட்டி பார்லர். பள்ளி விடுமுறையில் அங்கிருந்த சுழல்நாற்காலியில் சுற்றுவது என் வேலை, பேசுவது அத்தையின் வேலை. வந்தவர்கள் வாய் திறப்பதற்குள் எந்த முகத்துக்கு எந்தப் புருவம் என்று அவளே முடிவு செய்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இளம்பெண் ஒருத்தி வந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். நான் சுற்றுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தேன்.

"கழுத்தோட வெட்டிடுக்கா" என்றாள்.

அத்தை சிரித்தாள். "இன்னா கண்ணு, இந்த முடிக்கு அவளவ ஏங்கிகினு கீறா. நுனி மட்டும் எடுத்துவுடறேன்."

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டாள். "வேற ரெண்டு கடையிலயும் இதையேதான் சொன்னாங்க. ஏன்னு ஒருத்தர்கூட கேக்கல."

அத்தையின் முகம் மாறியது. என்னை இறக்கிவிட்டு, அவளை உட்காரவைத்து, "சொல்லும்மா" என்றாள். அதன்பிறகு அத்தை பேசவே இல்லை. அவள் அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் தணிந்த குரலில் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. பின்னலைப் பிரித்தபோது காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடியே இல்லை, தோல் சிவந்து வீங்கியிருந்தது. புழுவெட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னும் குட்டையாக்கா. புடிச்சா கைக்குச் சிக்கக் கூடாது."

அத்தை அந்த வீக்கத்தில் படாமல் மெதுவாக, அவள் கேட்டபடியே வெட்டினாள். எனக்குத்தான் அழுகை வந்தது, அந்த முடிக்காக.

"ஊட்டுக்கா போற?"

"இல்லக்கா. வேப்பம்பட்டு, அம்மாகிட்ட."

அத்தை கடையைப் பூட்டினாள். மூவரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். அவளை ரயிலேற்றிவிட்டு, "போனதும் போன் பண்ணு" என்று ஜன்னல் வழியாக இரண்டு முறை சொன்னாள். திரும்பி வந்தால், வாசலில் ஆர்டர் கொடுக்கக் காத்திருந்த ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா பொரிந்து தள்ளிவிட்டு வேறு பார்லருக்குக் கிளம்பிப் போனார். அத்தை செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து அது அடித்தது. "ம்... ம்... சரிம்மா, சாப்ட்டுப் படு" என்றாள். வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கை நழுவியதைவிடப் பெரிய கல்யாண ஆர்டர் ஒன்று கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.