காளி வேஷமும் கடலை அளவு கட்டியும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தபோது அது கையில் தட்டுப்பட்டது. விதைப்பையின் தோலில், இடது பக்கம், கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. சிவந்து போயிருக்கவில்லை. அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருந்தது. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறேன்.

கடைக்குப் போனதும் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனில் தேடினேன். முதலில் வந்தது புற்றுநோய். அடுத்து வந்தது பால்வினை நோய். இரண்டாவது எனக்கு வர வழியே இல்லை. ஆகவே முதலாவதுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மகள் எப்போதாவது போனை எடுப்பாள் என்பதால் தேடியதை எல்லாம் கவனமாக அழித்தேன். அந்தக் கவனத்தில் பாதியாவது டாக்டரைப் பார்ப்பதில் காட்டியிருக்கலாம்.

கடைக்கு நாலு கட்டடம் தள்ளி ஒரு தோல் டாக்டர் இருந்தார். அங்கே டோக்கன் கொடுக்கிற பெண் என் மனைவியிடம் படித்தவள். மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டோக்கன் வாங்கும்போது ‘என்ன பிரச்சினை சார்?’ என்று அந்தப் பெண் கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தே ஒரு வாரம் போனது.

இத்தனைக்கும், அதற்கு இரண்டு வருடம் முன்னால் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. ஸ்கேனில் தெரிந்த அன்றே அவள் என்னிடம் சொன்னாள். தயங்கியவளை, ‘உடம்புன்னு இருந்தா வரத்தான் செய்யும், இதுல என்ன வெட்கம்?’ என்று பெரிய மனுஷன் போலப் பேசி ஆபரேஷனுக்கு அழைத்துப் போனதும் நான்தான். கடை ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்ட லாரி டிரைவர்கள் வரைக்கும் விவரமாகச் சொன்னேன். தெருவில் பாதிப் பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

என் விஷயத்தில் அந்த வசனம் ஒன்றும் உதவவில்லை. முதுகு வலி என்று சொல்லித் தள்ளிப் படுக்க ஆரம்பித்தேன். முதுகு வலிக்கு அவள் தைலம் தேய்க்க வந்தாள். வேறு ஏதாவது செய்தாக வேண்டும் என்றபோது நினைவுக்கு வந்தது குலசேகரன்பட்டினம் தசரா.

எங்கள் பக்கத்தில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டு, விரதம் இருந்து, தசராவுக்கு வேஷம் கட்டுவார்கள். விரத காலத்தில் தனிச் சமையல், தனிப் படுக்கை. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். குறவன் வேஷம், போலீஸ் வேஷம் என்றால் விரத நாள் குறைவு. காளி வேஷத்துக்குத்தான் அதிகம். நான் காளி வேஷம் என்று அறிவித்தேன். கடைத்தெருவில் என் மரியாதை ஒரே நாளில் ஏறியது. ‘அண்ணாச்சிக்கு எப்படிப்பட்ட பக்தி’ என்றார்கள். அம்மன் மேல் எனக்குப் பக்தி உண்டு, பொய் இல்லை. ஆனால் அந்த மாலையை நான் போட்டது என் மனைவியின் கண்ணிலிருந்து தப்பிக்க.

மாடி அறையில் தனியாகப் படுத்து, ஒரு வேளை பச்சரிசிச் சோறு பொங்கிச் சாப்பிட்டேன். தினமும் காலையில் தொட்டுப் பார்த்தேன். வளர்ந்த மாதிரியும் இருக்கும், வளராத மாதிரியும் இருக்கும். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அவள் காலேஜ் போகும்போது நான் இருப்பேனா என்று நினைத்து அழுதிருக்கிறேன். ஒருநாள் மனைவியைக் கூப்பிட்டு, வீட்டுப் பத்திரம் எந்த பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டினேன். அவள் பத்திரத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

கோயிலில் கொடியேறி, கையில் காப்புக் கட்டி, வேஷமும் போட்டாயிற்று. தலையில் கிரீடம், முதுகில் மரத்தில் செய்த கைகள், வாயில் தொங்கும் நாக்கு, சிவப்புச் சேலை, காலில் சலங்கை. எங்கள் குழு மேளத்தோடு ஊர் ஊராகப் போகும். வேஷம் கட்டியவரை மக்கள் அம்மனாகத்தான் பார்ப்பார்கள். சிலருக்கு அருள் வந்து வாக்குச் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் வந்ததில்லை. குங்குமம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

எட்டாம் நாள், உச்சி வெயில் நேரம், விளாத்திகுளம் போகிற வழியில் ஒரு கிராமம். ஒரு அம்மா தன் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். அந்த ஆளுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தார்.

“தாயே, இவியளுக்குக் கழுத்துல கட்டி வந்து ஆறு மாசமாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்காவ. நான் சொன்னா கேக்கல. நீ ஒரு வார்த்தை சொல்லு.”

அந்த ஆள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டார். அந்தக் கை போன வேகம் எனக்கு நன்றாகத் தெரிந்த வேகம். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். தூங்காத முகம். மாடி அறைக்குக் குடிநீர் கொண்டுவந்து வைக்கும்போது என் மனைவிக்கும் அதே முகம்தான் இருந்தது. அதை அவ்வளவு நாளும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அருள் ஒன்றும் வரவில்லை. நாக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என் சொந்தக் குரலில்தான் சொன்னேன்.

“ஏலே, நாளைக்கே போலே. இவளை ஏம்லே இப்படி அலைய விடுத?”

அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டு, “சரி தாயே, போறேன்” என்றார். அந்த அம்மா என் காலில் விழுந்தார். எனக்குக் கூசியது. நெற்றியில் குங்குமம் வைத்தேன். நான் பேசியதை அருள்வாக்கு என்று நினைத்துக்கொண்டு சுற்றி நின்றவர்கள் குலவை போட்டார்கள்.

பத்தாம் நாள் குலசேகரன்பட்டினத்தில் சூரசம்ஹாரம் முடிந்து, காப்பை அறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். முகத்தில் சாயம் முழுதாகப் போகவில்லை. மனைவி அடுப்படியில் இருந்தாள். பக்கத்தில் போய் நின்று, எங்கே, எவ்வளவு நாளாக, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

“மாலை போடுறதுக்கு முன்னாலயே தள்ளிப் படுக்க ஆரம்பிச்சீங்க. வேற எவளோ ஒருத்தின்னு நெனச்சேன். பத்திரத்தைக் காட்டவும், எங்களை விட்டுட்டுப் போகப் போறீங்கன்னே முடிவு பண்ணிட்டேன்.” இதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டோக்கன் கொடுத்தவர், “என்ன பிரச்சினை?” என்று கேட்டார். “தோல்ல கட்டி” என்று மனைவி சொன்னாள். எழுதிக்கொண்டார். நான் வாரக்கணக்கில் பயந்த கேள்வி அவ்வளவுதான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கிழிந்த தார்ப்பாயை நான் பார்க்கிற மாதிரி பார்த்தார், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“கண்ணால பாத்து முழுசா சொல்ல முடியாது. தோல்ல இருக்கா, உள்ள விதையில இருக்கான்னு மொதல்ல ஸ்கேன்ல பாக்கணும். விதையில இருந்துச்சுன்னா ரெண்டு மாசம் சும்மா இருந்தது பெரிய தப்பு சார்.”

ஸ்கேனில் விதைக்குச் சம்பந்தமில்லை, தோலோடுதான் இருக்கிறது என்று தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். பல் பிடுங்குவதைவிடச் சுலபம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று இரண்டு பேரும் போனோம்.

“புற்று இல்ல” என்றுதான் டாக்டர் ஆரம்பித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். “அந்த இடத்துத் தோலுக்கு அடியில மெல்லிசா ஒரு தசை உண்டு. குளிர்ல சுருங்குதுல்லா, அது அந்தத் தசையோட வேலைதான். அதுல வளர்ந்த கட்டி இது. பேரு லியோமயோமா. அந்த இடத்துல வர்றது ரொம்ப அபூர்வம். யாருக்கும் ஒட்டாது. எடுத்தாச்சு, திரும்ப வர்றது அபூர்வம். ஆனா அப்பப்ப வந்து காட்டுங்க. பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பையில வருமே, அதுவும் இதே ஜாதிக் கட்டிதான்.”

மனைவி நிமிர்ந்தாள். “எனக்கு எடுத்தாங்கல்லா, அதுவா சார்?”

அவளுடைய பழைய ரிப்போர்ட் எந்தத் தேதி என்பது உள்பட எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. டாக்டர் கேட்டுவிட்டு, “அதேதான்மா” என்றார்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகு, “அப்போ லாரிக்காரங்களுக்கெல்லாம் சொல்லிரலாமா? ஹார்லிக்ஸ் வரும்லா” என்றாள். “சும்மா இரி” என்றேன். ரோச் பூங்கா தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் என் ஆபரேஷன் அன்று கடைக் கதவில் நான் தொங்கவிட்டிருந்த அட்டையில் ‘குடும்ப நிகழ்ச்சி, கடை விடுமுறை’ என்றுதான் எழுதியிருந்தேன்.

கழுத்தில் துண்டு போட்டிருந்த அந்த ஆள் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. போயிருப்பார் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதி முடித்ததும் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். டீச்சர் அல்லவா, இரண்டு இடத்தில் பிழை திருத்தினாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பேரு போடலையா?” என்று கேட்டாள். போடவில்லை. கட்டியை எடுத்து மூன்று வருடம் ஆகிவிட்டது, அதை விரத மாலைக்குள் மறைத்துவைத்த ஆள் மட்டும் இன்னும் கொஞ்சம் என்னிடம் மிச்சம் இருக்கிறான்.