பேத்தியைக் கூட்டிவரப் போனேன்

என் பேத்தி மலர், கல்லூரியிலிருந்து முத்துப்பேட்டைக்குப் போயிருக்கிறாள். அலையாத்திக் காட்டையும் கடற்கரையையும் பார்த்துப் படிக்க, கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறார்கள்.

இன்று காலை துபாயிலிருந்து என் மகன் போன் செய்தான். "பொம்பளைப் பிள்ளை கூடாரத்துலயா தங்கும்? போய்க் கூட்டிட்டு வந்துடுங்கப்பா."

பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போகலாமா? ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு எடுத்துப் போனேன்.

முழங்கால்வரை சேற்றோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டாள்.

"அப்பா அனுப்புனாங்களா தாத்தா? நான் வரலை."

அதற்குள் அவள் தோழி தூக்கைத் திறந்துவிட்டாள். "அடியே, கூட்டிட்டுப் போக வர்றவங்க இவ்வளவு சோறா கட்டிட்டு வருவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு மலர் என்னைப் படகில் ஏற்றி, சேற்றுக்கு மேலே வேர் நீட்டி மூச்சுவிடும் மரங்களைக் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "இருந்து படிச்சிட்டு வா" என்றேன்.

தனியாகத்தான் திரும்பினேன்.

மகனிடம் போனில் சொல்லப் பயம். இந்த வருஷம்தான் எழுதப் படிக்கக் கற்றேன், அதனால் இங்கே பதிவாக எழுதிவிட்டேன்.

தம்பி, திட்டுவதானால் கீழே எழுது. நான் அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவளே வந்துவிடுவாள்.